டாக் கார்டில் சென்சார் அளவு தப்பாக வருகிறதா? மலைப் பகுதி பாக்டரிகளுக்கு ஒரு வழிகாட்டி

தேயிலை பாக்டரியில் கம்ப்யூட்டர் கண்காணிப்பு வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? இது உங்களுக்காகத்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பல இடங்களில் ஏற்பாடு ஒன்றுதான். டிரையரின் வெப்பம், இலையை வாட்டும் விதரிங் டிரஃபில் போகும் காற்று, ஃபெர்மென்டிங் அறையின் ஈரப்பதம் எல்லாம் ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். பேச்சில் டாக் கார்டு. அதைப் பொருத்தியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். திடீரென்று ஒரு நாள் டிரையர் 412 டிகிரி என்று திரை சொல்லும். "சென்சார் போச்சு, மாத்துப்பா" என்பார் மேலாளர். புது சென்சார் கோவையிலிருந்து வரும். அதுவும் 412 காட்டும்.

எங்கள் பாக்டரியில் இப்படி மாற்றிப் போட்ட சென்சார்கள் ஒரு டிராயர் நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலானவை நல்லவை. அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை வழக்கத்துக்கு நேர் எதிர்: கார்டில் தொடங்கி, கம்பி வழியாகப் போய், சென்சாருக்குக் கடைசியில் வருவோம்.

தொடங்கும் முன் ஒன்று. பேனலுக்குள் 230 வோல்ட் இருக்கும், ஃபேன் மோட்டார் பக்கம் 415 வோல்ட் இருக்கும். சென்சார் கம்பி மெலிசாக இருக்கிறது என்று பக்கத்து டெர்மினலை மறந்து கை வைக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் கூட இருக்கும்போது திறப்பது நல்லது.

1. என்ன காட்டுகிறது என்று முதலில் எழுதுங்கள்

"தப்பாகக் காட்டுகிறது" என்பது போதாது. எப்படித் தப்பு என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அளவு ஓர் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறதா? இணைப்பு அறுந்திருக்கலாம், அல்லது உள்ளீடு எதோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கலாம். பக்கத்து சேனலின் (கார்டில் ஒரு சென்சாருக்கான தனி உள்ளீட்டு வழி) அளவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? அந்த சேனலில் எதுவுமே இணைந்திருக்காது. மோட்டார் ஓடும்போது மட்டும் குதிக்கிறதா? எர்த், இரைச்சல். மெல்ல மெல்ல விலகி, மூடுபனி இறங்கிய நாட்களில் மோசமாகிறதா? ஈரம். எப்போதும் ஒரே அளவு வித்தியாசமா? அப்படியென்றால் மென்பொருளில் யாரோ போட்ட திருத்தத்தை முதலில் தேடுங்கள்.

4-20 மில்லிஆம்ப் ட்ரான்ஸ்மிட்டர் (சென்சாரின் அளவை 4 முதல் 20 மில்லிஆம்ப் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. 0 முதல் 100 வரை அளக்கும் ட்ரான்ஸ்மிட்டரில் திரை மைனஸ் 25 காட்டினால் கம்பியில் மின்னோட்டமே இல்லை என்று பொருள். 4 மில்லிஆம்ப் தான் பூஜ்யம். அதற்கும் கீழே 0 மில்லிஆம்ப் வரை போனால் கணக்கு மைனஸ் 25-இல் வந்து நிற்கும். 0-200 ட்ரான்ஸ்மிட்டர் என்றால் மைனஸ் 50. ஈரப்பதம் மைனஸ் 25 சதவீதம் என்று வந்தால் சிரித்துவிட்டு நேராக ஃபியூஸையும் 24 வோல்ட் சப்ளையையும் பாருங்கள். சென்சாருக்குள் கோளாறு இருந்தால் பல ட்ரான்ஸ்மிட்டர்கள் வேண்டுமென்றே 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போய் நிற்கும். அது வேறு கதை.

நேரம், வானிலை, அப்போது எந்த மோட்டார் ஓடியது, கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறியதா என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் பின்னால் வரப்போகும் சர்வீஸ் ஆளிடம் பேசுவது எளிது.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

முதலில் வேண்டியது சேனல் பட்டியல்: எந்த சேனலில் எந்த சென்சார், என்ன வகை, என்ன ரேஞ்ச், எந்த டெர்மினல் எண். இல்லையென்றால் பேனலைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து நீங்களே எழுதுங்கள்; ஒரு நாள் பிடிக்கும். எழுதும்போது செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், கம்பியைக் கழற்றிய பிறகு எடுத்துப் பயனில்லை.

அடுத்தது கார்டின் மாடல் எண்ணுக்கான கையேடு. தயாரிப்பாளரின் தளத்தில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அதில் முனை வரைபடம் உள்ள பக்கத்தை அச்செடுத்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சென்சார்களின் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ், வாங்கிய பில், வாரன்டி தேதி ஆகியவை அலுவலக ஃபைலில் இருக்கும். பில் இல்லாமல் வாரன்டி பேச முடியாது. கணக்குப் பிரிவில் இப்போதே கேட்டு நகல் எடுத்து வையுங்கள்.

மென்பொருளின் அமைப்புக் கோப்பையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். பழைய பிசிஐ கார்டு (கம்ப்யூட்டருக்குள் ஸ்லாட்டில் செருகும் வகை) வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்கையே முழுதாக நகல் எடுத்து வைப்பது நல்லது. இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பிசிஐ ஸ்லாட்டே கிடையாது, பழைய டிரைவர் புது விண்டோஸில் ஏறாமல் அடம்பிடிக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல மல்டிமீட்டர், அதில் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் கட்டாயம். 1.5 வோல்ட் பேட்டரி. 100 ஓம், 120 ஓம், 10 ஆயிரம் ஓம், 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர்கள் சில. சிறு காந்தம். சிறு திருப்புளி, இரண்டு மூன்று துண்டுக் கம்பி. ஐஸ் சோதனைக்கு ஒரு தெர்மாஸ் ஃப்ளாஸ்க். மல்டிமீட்டர் ஒன்றுக்குத்தான் காசு அதிகம் ஆகும், மற்றதெல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ரெசிஸ்டர்களை ஊட்டியில் தேடி அலைவதைவிடக் கோவைக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மில்லிவோல்ட் காலிபரேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. விலை அதிகம். இந்த வேலைக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

4. கார்டை மட்டும் தனியாகச் சோதியுங்கள்

சந்தேகமான சேனலிலிருந்து சென்சார் கம்பிகளைக் கழற்றுங்கள். கார்டின் சொந்த சோதனைப் பலகையைத் திறங்கள்: நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்டு என்றால் மேக்ஸ் மென்பொருளில் டெஸ்ட் பேனல், அட்வான்டெக் என்றால் நேவிகேட்டர், மெஷர்மென்ட் கம்ப்யூட்டிங் என்றால் இன்ஸ்டாகால். பாக்டரி மென்பொருள் காட்டும் டிகிரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது கார்டு பார்க்கும் வோல்ட்.

முதலில் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அதைக் கார்டின் அனலாக் கிரவுண்டிலும் (பூஜ்ய வோல்ட் முனை) இணையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். அளவு மிகச் சிறிதாக ஆடலாம், பரவாயில்லை.

அப்புறம் பேட்டரி. பிளஸ் முனைக்குப் பிளஸ், மைனஸ் முனைக்கு மைனஸ்; மைனஸை அனலாக் கிரவுண்டோடும் சேர்த்துவிடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி என்ன காட்டுகிறதோ அதையே கார்டும் காட்ட வேண்டும். தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்த, சூட்டுக்கேற்ப மில்லிவோல்ட் தரும் சென்சார்) சேனலின் ரேஞ்ச் சில பத்து மில்லிவோல்ட் தான் என்பதால் பேட்டரியை நேராகக் கொடுத்தால் அது உச்சத்தில் முட்டி நிற்கும். 10 ஆயிரம் ஓமையும் 100 ஓமையும் தொடராகப் பேட்டரியில் இணைத்து, 100 ஓமின் இரு முனைகளிலிருந்து எடுங்கள். சுமார் 15 மில்லிவோல்ட் கிடைக்கும்.

தெர்மோகப்பிளுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. பாக்டரி மென்பொருள் ஓடும்போதே அந்த சேனலின் இரு முனைகளையும் செம்புக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். திரையில் டெர்மினல் பலகையின் வெப்பநிலை, அதாவது அறை வெப்பம் வர வேண்டும். குன்னூரில் காலையில் 17, 18 டிகிரி வந்தால் கார்டு, குளிர்முனைத் திருத்தம் (டெர்மினலின் வெப்பத்தையும் கணக்கில் சேர்ப்பது), மென்பொருள் மூன்றும் சரி என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். நேராக 0 வந்தால் குளிர்முனைத் திருத்தம் அணைந்திருக்கிறது. 45 என்று வந்தால் டெர்மினல் பலகைக்குப் பக்கத்தில் சூடான பவர் சப்ளை ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பி.டி. 100 (சூடு ஏற மின்தடை ஏறும் பிளாட்டினம் சென்சார்) சேனலில் சென்சாருக்குப் பதிலாக ரெசிஸ்டரைக் கட்டுங்கள். 100 ஓம் கொடுத்தால் 0 டிகிரி, 120 ஓம் கொடுத்தால் கிட்டத்தட்ட 51.6 டிகிரி. கடை ரெசிஸ்டரில் 1 சதவீதம் பிசகு இருந்தாலே 2, 3 டிகிரி மாறிவிடும். அதனால் மல்டிமீட்டரில் அளந்துவிட்டுக் கட்டுங்கள்.

இந்தச் சோதனைகளில் கார்டு தேறவில்லை என்றால் அதே சோதனையைக் காலியான வேறு சேனலில் செய்யுங்கள். அங்கே சரியாக வந்தால் சென்சாரை அந்த சேனலுக்கு மாற்றி, மென்பொருளிலும் மாற்றி, பட்டியலிலும் திருத்திவிட்டு வேலையைத் தொடரலாம். ஏப்ரல், மே இடிக்குப் பிறகு இப்படி ஒற்றைச் சேனல் போவது சகஜம். எல்லாச் சேனலும் ஒரே அளவு விலகி நின்றால் கார்டைக் கழற்ற வேண்டியதுதான். நேராக 9-ஆவது படிக்குப் போங்கள்.

5. ரேஞ்ச், இணைப்பு முறை: அதிகம் பேர் விழும் குழி

கார்டு நல்லது என்று தெரிந்த பிறகும் அளவு தப்பாக வந்தால் அமைப்பைப் பாருங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சென்சார் மாற்றும் செலவு பெரும்பாலும் இங்கேதான் மிச்சமாகும்.

கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தான் தரும். 12 பிட் கார்டு தன் ரேஞ்சை 4096 படிகளாகப் பிரிக்கிறது. ரேஞ்சைப் பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டில் விட்டுவிட்டால் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். தெர்மோகப்பிள் கணக்கில் அது 119 டிகிரி! டிரையர் 20 டிகிரியிலிருந்து ஒரே தாவாக 140-க்குப் போவது போலத் திரையில் தெரிவது இதனால்தான். 16 பிட் கார்டிலும் அதே ரேஞ்சில் ஒரு படி 7 டிகிரிக்கு மேல். ரேஞ்சைப் பிளஸ் மைனஸ் 80 அல்லது 100 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினால்தான் பயன்.

சில கார்டுகளில் அவ்வளவு சிறிய ரேஞ்சே இருக்காது. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூஎஸ்பி-6008 விலை குறைவு என்று பலர் வாங்குகிறார்கள். அதில் கிடைக்கும் மிகச் சிறிய ரேஞ்ச் பிளஸ் மைனஸ் 1 வோல்ட். தெர்மோகப்பிளை நேராக இணைத்தால் அளவு 12 டிகிரி, 12 டிகிரியாகத் தாண்டும். கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை, நடுவில் ஒரு தெர்மோகப்பிள் ட்ரான்ஸ்மிட்டர் போடுங்கள். இதே கார்டில் ஒன்றும் இணைக்காத முனை ஒற்றை முனை முறையில் (ஒரு முனையைக் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளப்பது) சுமார் 1.4 வோல்ட் காட்டும். அது உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்களின் வேலை, பழுது அல்ல.

அடுத்தது டிஃபரன்ஷியலா (இரு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அளப்பது), ஒற்றை முனையா என்ற அமைப்பு. தெர்மோகப்பிளுக்கு டிஃபரன்ஷியல் தான். இதில் ஒரு பெரிய பொறி: நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 16 சேனல் கார்டில் டிஃபரன்ஷியல் ஜோடி 0-உம் 8-உம், 1-உம் 9-உம் என்று போகும். அட்வான்டெக் பிசிஐ-1710 போன்றவற்றில் 0-உம் 1-உம், 2-உம் 3-உம். ஒரு கம்பெனி கார்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, பழைய கம்பிகளை அப்படியே செருகினால் எல்லாச் சேனலும் உளறும். மலைக்கு மேலே வந்து கார்டை மாற்றிக் கொடுத்த ஒரு சர்வீஸ் நிறுவனம் எங்களுக்கு இதைத்தான் செய்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் முனை வரைபடம் பேனல் கதவில் ஏறியது.

டிஃபரன்ஷியலில் எர்த்தோடு தொடர்பில்லாத சென்சாரை இணைத்தால் இன்னொரு வினோதம் நடக்கும். அளவு முதலில் சரியாக வந்து, மெல்ல நகர்ந்து, உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளீட்டில் ஓடும் நுண்ணிய மின்னோட்டம் வெளியேற வழியில்லாமல் வோல்ட் ஏறிக்கொண்டே போகிறது. மைனஸ் முனையிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு 10 ஆயிரம் முதல் 1 லட்சம் ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் கட்டினால் நின்றுவிடும். தெர்மோகப்பிளின் நுனி உறையோடு சேர்ந்து ஏற்கெனவே எர்த் ஆகியிருந்தால் இந்த ரெசிஸ்டர் வேண்டாம்.

பக்கத்து சேனலைப் பின்தொடரும் நோய்க்கு வருவோம். கார்டுக்குள் அளக்கும் சில்லு ஒன்றுதான், சேனல்களை மாற்றி மாற்றி அதனோடு இணைக்கிறார்கள். காலியான சேனலுக்கு வரும்போது முந்தைய சேனலின் மின்னூட்டம் அங்கேயே தங்கியிருக்கும். பயன்படாத சேனல்களைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள், வாசிக்கும் வேகத்தைக் குறையுங்கள். இந்தச் சந்தேகத்தை உறுதி செய்ய, மென்பொருளில் சேனல் வரிசையை மாற்றிப் பாருங்கள். பின்தொடரும் ஆளும் மாறினால் காரணம் இதுதான்.

6. கம்பியும் டெர்மினலும்

தெர்மோகப்பிளுக்குச் சாதாரண செம்புக் கம்பி போடக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. டிரையர் மேல் இருக்கும் சென்சார் தலை 50 டிகிரி, பேனல் 18 டிகிரி என்று வையுங்கள். இடையில் செம்பு ஓடினால் திரை 32 டிகிரி குறைத்துக் காட்டும். பாக்டரி குளிர்ந்திருக்கும் காலையில் இந்தப் பிசகு தெரியவே தெரியாது, டிரையர் சூடாக ஆகப் பெரிதாகும். கே வகைக்கான கம்பன்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிளுக்கு ஒத்த உலோகக் கம்பி) மட்டுமே போடுங்கள். இடையில் ஒட்டுப் போட வேண்டியிருந்தால் அதே வகைக் கனெக்டர் வாங்குங்கள்.

நிறம் அடுத்த குழப்பம். சர்வதேச ஐஇசி முறையில் கே வகைக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று இணைப்பது எலக்ட்ரீஷியனின் கைப்பழக்கம், அவரைத் திட்டிப் பயனில்லை. சந்தேகம் வந்தால் காந்தத்தை எடுங்கள். கே வகை தெர்மோகப்பிளின் சொந்தக் கம்பியில் காந்தம் பிடிப்பது மைனஸ்.

ஓர் இடத்தில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏற ஏற அளவு இறங்கும், உடனே தெரிந்துவிடும். கேபிள் இரண்டு முனைகளிலும் மாறியிருந்தால்தான் ஆபத்து. அளவு ஏறும், இறங்கும், எல்லாம் நம்பும்படியாகவே இருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 64 டிகிரி குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

பி.டி. 100-இல் 100 டிகிரிக்கு 138.5 ஓம், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம். இரண்டு கம்பியில் இணைத்துவிட்டு, கம்பியின் மின்தடை 1 ஓம் வந்தால் 2.6 டிகிரி அதிகமாகக் காட்டும். மூன்று கம்பி போடுங்கள்.

இனி ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் பேனலுக்குள் நீர் பூத்து நிற்கும். அதோடு தேயிலைத் தூள் சேர்ந்தால் டெர்மினல்களுக்கு இடையே மெல்லிய கசிவுப் பாதை உண்டாகிறது. மில்லிவோல்ட் அளக்கும் இடத்தில் அது போதும். மெயின் ஆஃப் செய்து, பிரஷ் கொண்டு தூளைத் தட்டி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேனலுக்குள் சிறு ஹீட்டர் வைத்தால் நல்லது, ஆனால் டெர்மினல் பலகைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஏன் என்று 4-ஆவது படியில் பார்த்தோம். கேபிள் நுழையும் துளைகளை கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) போட்டு அடையுங்கள். எலிக்கும் அதுவே மருந்து.

உறையுள்ள தெர்மோகப்பிளின் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். தலை மூடி திறந்தே கிடந்தால் உறைக்கும் கம்பிக்கும் இடையே காப்பு குறைந்துவிடும். கார்டிலிருந்து கழற்றிய பின் மல்டிமீட்டரின் உச்ச ஓம் ரேஞ்சில் பாருங்கள். எக்காரணம் கொண்டும் கார்டோடு இணைந்திருக்கும் கம்பியில் மெக்கர் (உயர் வோல்ட்டில் காப்பைச் சோதிக்கும் கருவி) வைக்காதீர்கள். 500 வோல்ட் பாய்ந்து கார்டு அங்கேயே முடிந்துவிடும்.

7. எர்த், மோட்டார் இரைச்சல்

யூஎஸ்பி கார்டும் லேப்டாப்பும் வைத்திருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்றால் எர்த்தில் பிரச்சினை. மேசைக் கம்ப்யூட்டரின் உடலைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் வரவில்லை. பாறை நிலத்தில் எர்த் பிட் சரியாக அமைவதே கடினம், ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்தும் போகும். பிட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

ஷீல்டு கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் செய்தால் மோட்டார் எர்த்துக்கும் கம்ப்யூட்டர் எர்த்துக்கும் உள்ள வேறுபாடு ஷீல்டு வழியாக ஓடும். விதரிங் ஃபேனின் விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே தட்டில் போகக்கூடாது. குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

மென்பொருள் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. வினாடிக்கு 10 முறையோ 50 முறையோ வாசித்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரைச்சலாகவே தெரியாது, ஒரு நிலையான பிசகாகவோ மெல்ல மிதக்கும் அலையாகவோ தெரியும். சென்சார் விலகுகிறது என்று நினைப்பீர்கள். வினாடிக்கு 1000 முறை வாசித்து, 200 அளவுகளைச் சராசரி எடுங்கள். 50 ஹெர்ட்ஸின் 10 முழுச் சுற்றுகள் அதில் அடங்கி இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். தேயிலை டிரையருக்கு இதைவிட வேகம் தேவையே இல்லை.

8. இப்போது சென்சார்

தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கில் நன்றாக உடைத்த ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். சென்சாரை நடுவில் நிறுத்தி, அவ்வப்போது கிளறி, 15 நிமிடம் காத்திருங்கள். 0 வர வேண்டும். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதந்தால் போதாது. மீன் கடை ஐஸ் வேண்டாம், உப்பு கலந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

கொதிநீர்ச் சோதனையில்தான் மலையில் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல் மட்டத்தில். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92-க்கும் 93-க்கும் நடுவில் கொதித்துவிடும். குன்னூர், கோத்தகிரியில் 94 ஒட்டி. கூடலூரில் 96 ஒட்டி. கொடைக்கானலில் 93 ஒட்டி. கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் பாக்டரிக்குக் கணக்குப் போடலாம்.

சமவெளியிலிருந்து வந்தவர் குன்னூரில் கொதிநீரில் சென்சாரை விட்டு, 94 வந்ததைப் பார்த்து, மென்பொருளில் பிளஸ் 6 போட்டுவிட்டுப் போனால், அன்றிலிருந்து 120 என்று திரை சொல்லும்போது டிரையர் உண்மையில் 114-இல் ஓடும். தூள் ஈரமாக இறங்கும், ஆனால் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். பழைய திருத்த எண்கள் ஏதாவது மென்பொருளில் இருந்தால், குறிப்பாக 5-லிருந்து 8-க்குள் இருந்தால், யார், எதைக் கொண்டு சோதித்துப் போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

ஈரப்பத சென்சாருக்குச் சமையல் உப்பு போதும். ஒரு சிறிய மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சாரோடு சேர்த்து மூடி, ஓர் இரவு வையுங்கள். சென்சார் மேல் உப்பு படக்கூடாது. காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். அறை வெப்பம் சற்று மாறினாலும் இந்த 75 பெரிதாக மாறாது, குளிர் ஊருக்கு வசதியான சோதனை. மூடுபனியில் நனைந்து 100-இலேயே நிற்கும் சென்சாரை உடனே குப்பையில் போடாதீர்கள். உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பல திரும்பி வரும்.

9. வெளியே அனுப்புவதும் ஆளை வரவழைப்பதும்

காலிபரேஷனுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், கோவையில் இருக்கின்றன. அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் வெப்ப அளவு அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். சென்சார் வகை, சீரியல் எண், எந்தெந்த டிகிரியில் சோதிக்க வேண்டும், உங்கள் ஜிஎஸ்டி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். புள்ளிகளைச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான புள்ளிகளில் செய்து கொடுப்பார்கள். டிரையருக்கு 50, 100, 120, 150 என்று கேளுங்கள். கட்டணம் பெரும்பாலும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால் தேவையில்லாத புள்ளிகளைச் சேர்க்காதீர்கள்.

விற்பனை இல்லாமல் பொருளை அனுப்புவதால் டெலிவரி சலான் போட வேண்டும். கொரியர்காரர் கேட்காவிட்டாலும் போடுங்கள், திரும்பி வரும்போது பேச்சு வராது. கார்டை ஆன்டி-ஸ்டாட்டிக் பையில் போட்டு, மேலே கெட்டி அட்டைப் பெட்டி. அதன் முனைகளைக் கையால் தொடாதீர்கள். குளிர்ந்த காலையில் உலர்ந்த காற்றில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கார்டைப் பிடித்தால் நிலைமின் பொறி ஒன்றே போதும்.

போக, வர, சோதிக்க என்று ஆய்வகத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கார்டு பழுதுபார்ப்புக்கு அதைவிட அதிகம் ஆகும், இறக்குமதி உதிரி தேவைப்பட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இலை வரத்துக் குறையும் ஜனவரி, பிப்ரவரியில் அனுப்புவதே நல்லது. வேறு வழியில்லாமல் சீசனில் அனுப்ப நேர்ந்தால் டிரையரில் கைத் தெர்மாமீட்டர் வைத்து அரை மணிக்கு ஒரு முறை எழுதச் சொல்லுங்கள்.

ஆள் நேரில் வருவதானால், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அவர் சொந்தக் காரில் வந்தால் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீசன் வார இறுதியில் வரச் சொல்லவே வேண்டாம், பாதி நாள் மலைப் பாதையில் பர்லியாறு தாண்டுவதற்குள் போய்விடும், அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும். போனிலேயே படிகள் 4 முதல் 8 வரை நீங்கள் கண்ட அளவுகளை எழுதி அனுப்பிவிடுங்கள். எந்த உதிரியை எடுத்து வருவது என்று தெரிந்துகொண்டு கிளம்புவார்.

அவர் வேலையை முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த சேனலில் என்ன மாற்றினார் என்ற குறிப்பு, மென்பொருளில் போட்ட திருத்த எண்கள், கழற்றிய பழைய சென்சார்கள். மூன்றாவதை நம் டிராயரில் போட்டு, மேலே தேதியும் ஐஸ் சோதனை அளவும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த சீசனில் அதில் ஏதாவது ஒன்று கட்டாயம் தேவைப்படும்.